கேட்டை யாரு திறக்கறது?

2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்கு வருது, 2036 ஒலிம்பிக்கும் கேட்டிருக்காங்கன்னு டீக்கடையில ஒரே பேச்சு. "நம்மூருக்கு வந்திருந்தா ஏரியாவே மாறியிருக்கும்ணா"ன்னான் ஒரு தம்பி. எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு.

1995 டிசம்பர், சென்னையில தெற்காசிய விளையாட்டுப் போட்டி. எனக்கு 11 வயசு. புளியந்தோப்புலேர்ந்து சூளை வழியா நடந்தே போய், பெரியமேட்டுல நேரு ஸ்டேடியம் சுவரோரம் நின்னு, லைட்டை அண்ணாந்து பார்த்தோம். டிக்கெட்டுக்குக் காசில்ல. உள்ள கூட்டம் கத்தும்போதெல்லாம் நாங்களும் கத்தினோம், எதுக்குன்னு தெரியாமலே.

அந்தப் போட்டிக்காகத்தான் நேரு உள்விளையாட்டு அரங்கமும் வேளச்சேரி நீச்சல் குளமும் வந்துச்சு. ரெண்டும் இன்னிக்கும் இருக்கு. ஏதென்ஸ்ல 2004 ஒலிம்பிக்ஸுக்குக் கட்டின சில மைதானங்கள்ல புதர் மண்டின மாதிரி நமக்கு ஆகல. சரி, நல்லதுதான். ஆனா கடல்லயே நீந்தி வளர்ற காசிமேட்டுப் பையன், பந்தய நீச்சல் கத்துக்க ஊரோட அந்தக் கோடிக்குப் போகணும். அவன் எங்க போனான்!

கட்டினது தப்புன்னு சொல்லல. லண்டன்ல 2012 ஒலிம்பிக்கை வெச்சது கிழக்குப் பக்கம். அதுவும் நம்ம வடசென்னை மாதிரி துறைமுகம், தொழிற்சாலைன்னு உழைச்சுத் தேய்ஞ்ச பக்கம். போட்டி முடிஞ்சதும் நீச்சல் குளத்தோட இருக்கைகள்ல பெரும்பகுதியைக் கழட்டிட்டு, 2014-ல ஊர்க்காரங்களுக்குத் திறந்துட்டாங்க. அங்க வீட்டு வாடகை ஏறி பழைய ஆளுங்க தவிச்ச கதையும் உண்டு. அது தனிப் பதிவு.

2022 செஸ் ஒலிம்பியாட் நடந்தது மாமல்லபுரத்துல. அதோட சின்னமான, வேட்டி கட்டின 'தம்பி' குதிரை ஊரெல்லாம் நின்னுச்சு. நேப்பியர் பாலம் கறுப்பு வெள்ளைக் கட்டமா மாறினதும் பையனை பைக்ல கூட்டிட்டுப் போய் போட்டோ எடுத்தேன். நானும் மயங்கினவன்தான், ஒத்துக்கறேன். அவன் பள்ளிக்கூடத்துல போட்டி வெச்சாங்க, ரெண்டாவது வந்தான். ஒரு வருஷம் சார் ஒருத்தர் சாயந்திரம் சொல்லிக்கொடுத்தார். அப்புறம் அவர் மாத்தலாகிப் போனார், வேற ஆள் வரல. பலகை பீரோ மேல ஏறிடுச்சு. அதே ஒலிம்பியாட்ல தொடர்ந்து எட்டு ஆட்டம் ஜெயிச்ச குகேஷ் 2024-ல உலக சாம்பியன் ஆனப்போ, வீட்ல டிவி முன்னாடி குதிச்சவனும் என் பையன்தான்.

இப்ப எதிர்ப்பக்கம் பாருங்க. புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகர்ப் பொண்ணு காசிமா, ஆட்டோ ஓட்டுறவர் மகள், 2024-ல அமெரிக்காவுல நடந்த கேரம் உலகக் கோப்பையில மூணு தங்கம் வாங்குச்சு. கேரமுக்காக நாம எந்தத் திருவிழாவும் எடுக்கல, பாலத்துக்குப் பெயின்ட் அடிக்கல. வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்துலேர்ந்து நந்தகுமார் சேகர் மாதிரி பசங்க இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து வரைக்கும் போனதும் அப்படித்தான். தினமும் சாயந்திரம் கதவு தெறந்திருந்துச்சு, பக்கத்துல நின்னு திட்டறதுக்கு ஒரு ஆள் இருந்தார். அவ்ளோதான்.

அதனால அடுத்த தடவை ஏதாவது பெரிய போட்டி சென்னைக்கு வந்தா நான் கேக்கறது ரெண்டே விஷயம். முடிஞ்ச மறுநாள் அந்த கேட் சாவி யார்கிட்ட இருக்கும்? கோச்சுக்குச் சம்பளம் எத்தனை வருஷத்துக்கு எழுதி வெச்சிருக்கீங்க? பதில் இருந்தா சொல்லுங்க, வரவேற்பு தோரணத்தை நானே கட்டறேன்.

போன ஞாயித்துக்கிழமை எங்க தெரு கேரம் கிளப்புல எட்டிப் பார்த்தேன். பல்பு தொங்குது, பவுடர் பறக்குது, போர்டைச் சுத்தி பத்துப் பதினஞ்சு பேர். செஸ்ஸை விட்ட நம்மாளும் ஓரமா நின்னுட்டிருந்தான். "இன்னாடா, எப்ப உன் முறை?"ன்னேன். "ரெட்டு போட்டவன் ஃபாலோ விட்டுட்டான்பா, கம்முனு இரு"ன்னான்.