பேஸைக் கேட்காமலே கார்ட்ஸ் எழுதிப் போடுகிறவர்களுக்கு

நேற்று ராத்திரி பதினொன்றரை மணிக்கு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். இதற்கு மேல் அடக்கி வைக்க முடியவில்லை. பாட்டோடு சேர்த்து வாசிக்கிற ஸ்வரக் கூட்டங்கள்தான் கார்ட்ஸ். அதை இணையத்தில் எழுதிப் போடுகிறவர்கள், பாட்டுக்கு அடியில் ஓடுகிற கனத்த தாழ்ந்த ஸ்வர வரிசையை, அதாவது பேஸை, கேட்பதே இல்லை.

போன பொங்கலுக்கு எங்கள் காலனியில் சின்னதாக ஒரு பாட்டுக் கச்சேரி. ஆறு பேர், பேஸ் கிட்டார் கிடையாது. எண்பதுகளின் பாட்டு ஒன்றை எடுத்திருந்தோம். ஒரு வாரம் பதிவைக் கேட்டுக் கேட்டு நான் கார்ட்ஸ் எழுதி வைத்திருந்தேன். ஒத்திகையில் பல்லவியின் மூன்றாவது வரி வந்ததும் நான் எஃப் மேஜர் செவன்த் என்ற கார்டைப் பிடிக்கிறேன், கீபோர்டு வாசிக்கிற தம்பி ஏ மைனர் பிடிக்கிறார், இடது கையும் ஏ-யில்தான் நிற்கிறது. நிறுத்தினேன். "தம்பி, அந்த இடத்துல பேஸ் எஃப்புக்கு இறங்குது, கேட்டுப் பாரு" என்றேன். "இல்லண்ணே, நாலு சைட்லயும் ஏ மைனர்தான் போட்டிருக்காங்க" என்று போனை நீட்டினார். சரி, பாட்டையே போட்டுக் காட்டிவிடலாம் என்று அந்தப் போனிலேயே போட்டால், ஸ்பீக்கரில் பேஸ் என்ற ஒன்றே இல்லை. மேடையிலும் ஏ மைனர்தான் போனது. அந்த வரியில் பாட்டு நெஞ்சைப் பிடித்துக் கீழே இழுக்கும், அதற்காகத்தான் அந்தப் பாட்டையே எடுத்தோம். அது நடக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து நாலு சைட்டையும் திறந்து பார்த்தேன். சரணத்தின் இரண்டாவது வரியில் ஒரு சொல் விடுபட்டிருந்தது. நாலிலும் அதே சொல். ஒருவர் தப்பாக எழுதியிருக்கிறார், மற்ற மூவரும் அதை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். இந்த நாலு பேரும் சேர்ந்து ஒரு தடவையாவது அந்தப் பாட்டைக் காது கொடுத்துக் கேட்டிருப்பார்களா? நாலு சாட்சி என்று அந்தத் தம்பி நம்பினார். இருந்தது ஒரே ஒரு சாட்சி, அதுவும் பொய்ச் சாட்சி.

ஏ மைனர் என்றால் ஏ, சி, ஈ என்ற மூன்று ஸ்வரங்கள். எஃப் மேஜர் செவன்த் என்றால் எஃப், ஏ, சி, ஈ. அடியில் இருக்கிற அந்த எஃப் காதில் விழாவிட்டால் மேலே மிச்சம் இருப்பது அப்பட்டமான ஏ மைனர். இதைவிடக் கொடுமை, ஏ மைனர் செவன்த்துக்கும் சி சிக்ஸ்த்துக்கும் ஸ்வரங்கள் நாலுமே ஒன்று: ஏ, சி, ஈ, ஜி. எது அடியில் நிற்கிறதோ அதுதான் பெயரைத் தீர்மானிக்கிறது. ஆக பேஸைக் கேட்காமல் கார்டு எழுதுவது, ஆளின் முகத்தைப் பார்க்காமல் சட்டையைப் பார்த்துப் பெயர் சொல்வது மாதிரி.

என் கிட்டார் மாஸ்டர் இதில் ரொம்பக் கண்டிப்பு. பாட்டைப் போட்டுவிட்டு, "கிட்டார்ல கை வைக்காதே, முதல்ல பேஸைப் பாடு" என்பார். பாடவே வராது. பாட்டுக்காரர் குரல்தான் காதை இழுக்கும். இருபது தடவை, முப்பது தடவை அதே இரண்டு பாரை (தாளத்தின் ஒரு சுற்று ஒரு பார்) திரும்பத் திரும்ப ஓட்டினால்தான் குரலுக்கு அடியில், தபலாவுக்கும் அடியில் இன்னொரு ராகம் நடந்து போவது தெரியும். தெரிந்ததும் உடம்பு சிலிர்க்கும். அதை முனகிக்கொண்டே ஆறாவது ஸ்ட்ரிங்கில் தேட வேண்டும்: மூன்றாவது ஃப்ரெட் (கிட்டார் கழுத்தில் உள்ள கட்டம்), இரண்டாவது ஃப்ரெட், அப்புறம் திறந்த ஸ்ட்ரிங். ஜி, எஃப் ஷார்ப், ஈ. நடுவில் அந்த எஃப் ஷார்ப் கிடைத்த பிறகுதான் அங்கே டி கார்டு, நடு ஸ்வரம் அடியில் வந்து, தலைகீழாக நிற்கிறது என்று புரியும். சைட்டில் போய்ப் பாருங்கள், ஜி, அடுத்து நேராக ஈ மைனர். நடுப்படியைக் காணோம். படி இறங்கி வந்த பாட்டை மாடியிலிருந்து கீழே தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

இதை யார் பாட்டுக்குச் செய்கிறார்கள் என்று நினைத்தால்தான் ஆறவே மாட்டேன் என்கிறது. 1976-ல் படத்துக்கு இசையமைக்க வருவதற்கு முன்னால் இசையமைப்பாளர் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தவர், தானே கிட்டார் கலைஞர், இளையராஜா. அவர் பாடல்களில் பேஸ் கிட்டார் சும்மா ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை, தனியாக ஒரு மெட்டுப் பாடிக்கொண்டு போகும். பல பாட்டில் பேஸை மட்டும் பாடினாலே தெரிந்தவர்கள் பாட்டைச் சொல்லிவிடுவார்கள். அப்படிப்பட்ட பாட்டுக்கு நாலே நாலு கார்டு எழுதி, "எளிமையானது, யாரும் வாசிக்கலாம்" என்று போடுகிறார்கள். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு எளிமையாக்கிக் கொடுப்பது நல்ல காரியம்தான். ஆனால் எளிமையாக்கியது என்று தலைப்பில் எழுதுங்களேன்! "ஒரிஜினல் கார்ட்ஸ்" என்று எழுதிவிட்டு ஏன் இதைக் கொடுக்கிறீர்கள்?

சரி, நீயே கேட்டு எழுதிக்கொள்ளேன் என்பீர்கள். எழுதத்தான் உட்காருகிறேன். அங்கே அடுத்த வயிற்றெரிச்சல். பாட்டைப் போட்டுக் கிட்டாரை எடுத்தால் எந்த ஃப்ரெட்டிலும் சேராது. நான் ட்யூனர் வைத்து, ஏ என்றால் 440 ஹெர்ட்ஸ் என்று சுத்தமாகச் சுருதி சேர்த்து வைத்திருப்பேன். பாட்டோ ஒரு கட்டையிலும் (சி சுருதி) இல்லை, ஒன்றரைக் கட்டையிலும் (சி ஷார்ப்) இல்லை, நடுவில் ஒன்றேகால் கட்டையில் தொங்கிக்கொண்டிருக்கும். ஒன்றேகால் கட்டையில் யார் ரெக்கார்டிங் செய்வார்கள்? வாசித்தவர்கள் ஒழுங்காகத்தான் வாசித்திருக்கிறார்கள். பிற்பாடு யாரோ வீட்டில் இருந்த கேசட்டையோ ரெக்கார்டையோ ஓடவிட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார்கள். கேசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். பழைய டெக்கின் பெல்ட்டும் மோட்டாரும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. 4.76-க்குப் பதில் 4.9 ஓடினால் போதும், கிட்டத்தட்ட 3 சதவீத வேகம்தான், பாட்டு கால் கட்டை ஏறிவிடும். 6 சதவீதம் என்றால் முழுசாக அரைக் கட்டை, சி பாட்டு சி ஷார்ப் ஆகிவிடும். ஒரே பாட்டின் மூன்று பதிவுகளை அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள், மூன்று சுருதியில் இருக்கும். பதிப்புரிமைக்காகப் பதிவு நீக்கப்படாமல் இருப்பதற்காக வேண்டுமென்றே வேகத்தை மாற்றி ஏற்றுகிற புண்ணியவான்களும் உண்டு.

அந்தப் பாட்டுக்குக் கீழே "கேப்போ முதல் ஃப்ரெட்" என்று எழுதியிருப்பார்கள். கேப்போ, அதாவது கிட்டார் கழுத்தில் மாட்டிச் சுருதியை ஏற்றுகிற கவ்வி, அரைக் கட்டை அரைக் கட்டையாகத்தான் ஏறும். கால் கட்டைக்கு அது என்ன செய்யும்? எழுதியவர் பாட்டோடு சேர்த்து ஒரு தடவை வாசித்திருந்தால் அந்தக் கணமே பல் கூசியிருக்கும். கூசவில்லை என்றால், வாசிக்கவே இல்லை என்று அர்த்தம். நான் ஒவ்வொரு பாட்டுக்கும் ஆடாசிட்டி என்ற மென்பொருளில் வேகத்தை ஒரு சதவீதம், இரண்டு சதவீதம், இரண்டே முக்கால் என்று தடவித் தடவி கிட்டாரோடு சேர்த்த பிறகுதான் முதல் கார்டையே தேட ஆரம்பிக்கிறேன். அதற்கே அரை மணி நேரம் போகிறது.

அப்புறம் ராகம். கல்யாணியில் மெட்டுப் போட்ட பாட்டு. சி-யை 'ச' ஸ்வரமாக வைத்தால் மத்திமம் எஃப் ஷார்ப். பாடுகிறவர் அந்தப் பிரதி மத்திமத்தில் சுகமாக நின்றுகொண்டிருக்கிறார், கீழே எஃப் மேஜர் என்று எழுதியிருக்கிறது, அதில் இருப்பதோ ஷார்ப் இல்லாத எஃப். சி ஸ்கேல் என்றால் சி, எஃப், ஜி என்று யாரோ சொல்லிக்கொடுத்தது கையோடு வந்துவிட்டது, காது வேலை செய்யவில்லை. அதே மாதிரி கீரவாணி. ஏ-யை 'ச' ஸ்வரமாக வைத்தால் நிஷாதம் ஜி ஷார்ப், ஆகவே ஈ மேஜர்தான் பொருந்தும். எழுதியிருப்பது ஈ மைனர். பாட்டின் ஏக்கம் முழுக்க அந்த ஒற்றை நிஷாதத்தில் இருக்கிறது, அதை அழித்துவிட்டு என்ன வாசிக்கப் போகிறோம்? சங்கீதம் படித்திருக்கத் தேவையில்லை. ஒரு தடவை பாடிக்கொண்டே கார்டைத் தட்டினால் தொண்டையே சொல்லிவிடும்.

இப்போது செயலிகள் வேறு. பாட்டைக் கொடுத்தால் கார்ட்ஸைக் கொட்டுகிறது. இந்த வேலைக்கு வெகுகாலமாகப் புழங்குகிற முறை, பாட்டில் இருக்கிற எல்லா ஸ்தாயியையும் (மேல் ச, கீழ் ச எல்லாவற்றையும்) ஒன்றாக மடித்துப் பன்னிரண்டு ஸ்வரமாக்கிக் கணக்குப் போடுவது. மடித்த பிறகு எது மேலே இருந்தது, எது அடியில் இருந்தது? போயே போச்சு. ஏ மைனர் செவன்த்தா, சி சிக்ஸ்த்தா என்று அந்தக் கணக்கு எப்படிச் சொல்லும்? கருவியைக் குறை சொல்லி என்ன செய்ய. அது கொட்டியதை அப்படியே அள்ளி, "நானே கேட்டு எழுதியது" என்று போடுகிறார்களே, அவர்களிடம்தான் எனக்குச் சண்டை.

கேட்பதற்கு வழி இல்லாத காலமா இது? என் மாஸ்டர் காலத்தில் கேசட்டை ரீவைண்ட் பண்ணிப் பண்ணித்தான் கேட்டார்கள். இன்றைக்குச் சுருதி மாறாமல் பாட்டைப் பாதி வேகத்தில் ஓட்டலாம். இரண்டு பாரை மட்டும் சுற்றிச் சுற்றி வரவைக்கலாம். பேஸ் கிட்டாரின் தடித்த ஸ்ட்ரிங் 41 ஹெர்ட்ஸ்தான், போன் ஸ்பீக்கர் அதைச் சொல்லவே சொல்லாது. நல்ல ஹெட்போன் போடுங்கள். அதிலும் பிடிபடவில்லையா, அந்தத் துண்டை மட்டும் ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) மேலே ஏற்றிக் கேளுங்கள், பேஸ் கிட்டாரே கிட்டார் மாதிரிக் கேட்கும். 2019-லிருந்து ஸ்ப்ளீட்டர் மாதிரி இலவச மென்பொருள்கள் பேஸைத் தனியாகவே பிரித்துக் கொடுக்கின்றன. பழைய பதிவுகளில் தபலா டக்காவின் கும்கி (கும்மென்று இழுக்கிற ஒலி) பேஸோடு கலந்து வந்துவிடும், சுத்தமாகப் பிரியாது. ஆனாலும் எத்தனை உதவி! இத்தனையும் கையில் இருந்தும் ஒட்டிப் போடுகிறார்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். எந்தப் பதிவைக் கேட்டு எழுதினீர்கள், அது எத்தனை கட்டையில் இருந்தது, வேகத்தை மாற்றினீர்களா, இதை முதல் வரியில் போடுங்கள். தெரியாத இடத்தில் வாய்க்கு வந்த கார்டை எழுதாமல் ஒரு கேள்விக்குறி போடுங்கள். அதைப் பார்த்து இன்னொருவர் உட்கார்ந்து கேட்பார், அவருக்குப் பிடிபடும். தப்பான கார்டைப் பார்த்தால் யாரும் தேட மாட்டார்கள், அந்தத் தம்பி மாதிரி நம்பிவிடுவார்கள்.

என் நோட்டில் அந்தப் பொங்கல் பாட்டுக்கு மூன்று கேள்விக்குறிகள் இருந்தன. இரண்டு போய்விட்டன. மூன்றாவது, இரண்டாவது பிஜிஎம்மின் ஏழாவது பாரில், வயலின்கள் மேலே ஏறும்போது பேஸ் எங்கேயோ போய் ஒளிந்துகொள்கிற இடம். நேற்று ராத்திரி பதினொன்றரை வரைக்கும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பி ஃப்ளாட் என்று தோன்றுகிறது. இன்னும் எழுதவில்லை.