மீன் பையை மிதக்கவிட்டால் ஒட்டுண்ணி சாகாது

“புதிய மீன் வந்த பையை 15 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, ஒரு சிட்டிகை உப்பைப் போட்டால் ஒட்டுண்ணிகள் செத்துவிடும், தனித்தொட்டி தேவையில்லை” என்று வாட்ஸ்அப்பில் பரவும் தகவல் தவறானது. பையை மிதக்கவிடுவது நீரின் வெப்பநிலையைச் சமப்படுத்த மட்டுமே உதவும்.

வெண்புள்ளி நோயை உண்டாக்கும் இக் என்னும் ஒட்டுண்ணி மீனின் தோலுக்கும் செவுளுக்கும் அடியில் புதைந்து வளர்ந்து, பின்னர் உதிர்ந்து, தொட்டியின் அடியில் கூடு கட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிந்து அடுத்த மீனைத் தேடுகிறது. நீரில் நீந்தும் அந்தக் குஞ்சுப் பருவத்தில்தான் மருந்து அதைக் கொல்லும். மீனுக்குள் இருக்கும்போது உப்புச் சிட்டிகை அதைத் தொடக்கூட முடியாது. செவுளில் மட்டும் தொற்று இருந்தால் உடலில் புள்ளியே தெரியாது என்பதால், பார்வைக்கு நன்றாக இருக்கும் மீனையும் நம்பிவிட வேண்டாம்.

புதிய மீன்களைத் தனி வலை, தனிக் குழாயுடன் வேறு தொட்டியில் 3 முதல் 4 வாரம் வைத்துக் கவனியுங்கள்; பையிலிருந்த நீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். புளோரிடா பல்கலைக்கழக விரிவாக்கப் பிரிவின் வெண்புள்ளி நோய்க் கையேட்டில் இந்த வாழ்க்கைச் சுழற்சியைச் சரிபார்க்கலாம். அந்த வாட்ஸ்அப் தகவலை மேலும் பகிராமல், அனுப்பியவரிடமும் பிழையைத் தெரிவித்துவிடுங்கள்.