கேட்டுத்தான் செய்தார்களா?

அண்ணை, பிரித்தானியாவில் பி.டி. என்ற இணையச் சேவை நிறுவனம், சனம் இணையத்தில் பார்ப்பதைக் கவனித்து விளம்பரம் காட்டும் ஃபோர்ம் கருவியை வாடிக்கையாளர்களைக் கேட்டுத்தான் சோதித்தது, சனம் சும்மா கத்தியது என்று எழுதியிருக்கிறீர்கள். அது 2008இல் நடந்த கடைசிச் சோதனைக்குத்தான் பொருந்தும். 2006, 2007 சோதனைகள் வாடிக்கையாளர்களுக்குத் தெரியாமலே நடந்தவை. யார் எந்தப் பக்கம் போகிறார் என்று விளம்பரத்துக்காக இணைப்பிலேயே வைத்துப் பார்த்தார்கள். அது வெளியே வந்ததும்தான் எதிர்ப்பு கிளம்பியது. 2009 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் பிரித்தானிய அரசுக்கு எதிராகச் சட்ட நடவடிக்கை தொடங்கியது, ஜூலையில் பி.டி. திட்டத்தை ஒதுக்கி வைத்தது.

அப்புறம், சேவை நிறுவனம் இப்படிப் பார்க்காமல் இருக்க உலாவியின் இன்காக்னிட்டோ (மறைநிலை) போதும் என்றீர்கள். இங்கே உப்புவெளியில் என் மருமகனும் இதையேதான் சொன்னான். குரோமில் திறந்து காட்டினேன்: இணையச் சேவை வழங்குநருக்குத் தெரியக்கூடும் என்று அந்தக் கறுப்புப் பக்கத்திலேயே இருக்கிறது. பார்த்த பக்கங்களின் வரலாறு போனில் தங்காது, அவ்வளவுதான்.