புகாராஷ் மலை தலைகீழாக விழுந்ததா?

பிரான்ஸின் தெற்கே, ஓட் மாவட்டத்தில் சுமார் 200 பேர் வாழும் சிற்றூர் புகாராஷ். அதையொட்டிய 1,230 மீட்டர் மலை வெடித்து எழும்பித் தலைகீழாக விழுந்தது, அதற்குள் வேற்றுக்கிரகவாசிகளின் விண்கலம் ஒளிந்திருக்கிறது என்ற பதிவு சுற்றிவருகிறது. தவறு.

இதில் ஒரு துளி உண்மை உண்டு. மலையுச்சியில் இருப்பது ஜுராசிக் காலச் சுண்ணாம்புப்பாறை. அதற்குக் கீழே, வயதில் இளைய கிரெட்டேசியஸ் காலப் படிவுகள். பழையது மேலே, புதியது கீழே. ஆனால் வெடிப்பு எதுவும் நடக்கவில்லை. ஸ்பெயினும் போர்ச்சுகலும் அமைந்துள்ள ஐபீரிய நிலத்தட்டு ஐரோப்பாவோடு மோதி, பிரான்ஸ்-ஸ்பெயின் எல்லையில் பைரனீஸ் மலைத்தொடர் எழுந்தபோது, பழைய அடுக்கு மெல்ல மெல்லத் தள்ளப்பட்டு இளைய அடுக்கின்மேல் ஏறிக்கொண்டது. பல மலைத்தொடர்களில் இப்படி உண்டு.

சரி, விண்கலம்? 2012 டிசம்பர் 21 அன்று உலகம் அழியும், இந்த மலை மட்டும் தப்பும் என்று கிளம்பிய புரளியில்தான் அந்த விண்கலக் கதை உலகெங்கும் பரவியது. கூட்டத்துக்கு அஞ்சி அரசு நிர்வாகம் மலையேறத் தடை விதித்தது. அன்று வந்து குவிந்தவர்களில் பத்திரிகையாளர்களே அதிகம். நியாயமாக இந்த மலை பேசப்பட வேண்டியது வேறொன்றுக்காக: மீட்டர் அளவை வரையறுக்க 1790களில் நில அளவை செய்த பிரெஞ்சு வானியலாளர் மெஷான், இதன் உச்சியை ஓர் அளவை நிலையமாகப் பயன்படுத்தினார்.