பல் கிளிப்பின் 'நினைவுக் கம்பி'க்கு உராய்வே இல்லையா?

"பல் கிளிப்பில் போடும் நினைவுக் கம்பி வழுக்கிக்கொண்டே போகும், உராய்வே கிடையாது, தேயவும் தேயாது" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. வளைந்து கொடுப்பதையும் வழவழப்பையும் யாரோ குழப்பிக்கொண்டார்கள்.

இந்தக் கம்பி 'நிட்டினால்' (Nitinol) என்ற உலோகம், அதாவது நிக்கலும் டைட்டானியமும் ஏறக்குறைய சரிபாதி அணுக்களாகச் சேர்ந்த கலவை. (பெயரின் வால் பகுதி, அது பிறந்த அமெரிக்கக் கடற்படை ஆயுத ஆய்வகத்தின் முதலெழுத்துகள்.) நன்றாக வளைத்தாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பும். ஆனால் அதன் மேற்பரப்பு பொதுவாகத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைவிடச் சொரசொரப்பானது, உராய்வும் அதிகம். பல் இடைவெளியை மூடும் கட்டத்தில், பிராக்கெட் (பல்லில் ஒட்டி, கம்பியைப் பள்ளத்தில் தாங்கும் சிறு துண்டு) கம்பியில் சறுக்க வேண்டியிருப்பதால், மருத்துவர்கள் பெரும்பாலும் எஃகுக்கு மாறுவது இதனாலும்தான். எஃகின் விறைப்பு இன்னொரு காரணம்.

சரி, தேய்மானம்? பிராக்கெட்டின் பள்ளம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். கோணலான பல்லில் கம்பி சாய்ந்து நுழையும்போது பள்ளத்தின் இரண்டு விளிம்புகளும் அதைக் கடித்துப் பிடிக்கின்றன. அந்த இடத்தில் கீறல் விழுகிறது. கம்பியைக் காக்கும் மெல்லிய டைட்டானியம் ஆக்சைடு படலம் உரசி உரிந்தாலும் விரைவில் மறுபடி உருவாகிவிடும். கீறல் மட்டும் அப்படியே இருக்கும். எளிதில் வளையும் கம்பி என்பதால் விளிம்பில் அழுத்தம் குறைவு, அதனால் மிகவும் கோணலான பற்களில் எஃகைவிட இது இலகுவாக நகரவும் கூடும். வதந்தியில் உண்மை இருப்பது அவ்வளவுதான்.