போனவர்கள் போக மீதி 19,111 பேர்

2025 பிப்ரவரியில் மேற்கு வர்ஜீனியாவில் வெள்ளம் வந்தபோது, டிவியில் படங்களைப் பார்த்துவிட்டு ஊரிலிருந்து அக்கா போன் செய்தாள். "நீங்க இருந்த பக்கம்தானே இது? மறுபடி மறுபடி தண்ணி வருதுன்னு தெரிஞ்சும் அந்த ஜனங்க ஏன்டி அங்கேயே கிடக்கறாங்க? கிளம்பிப் போக வேண்டியதுதானே?"

அக்கா அக்கறையோடுதான் கேட்டாள். இதே கேள்வியை வட கரோலினாவின் சார்லட் நகரத்தில் இருக்கும் நண்பர்களும் கேட்டிருக்கிறார்கள். அந்த மலைப் பக்கம் குடிபோன முதல் மாதத்தில் நானும் கேட்டேன். அதனால் யார் மேலும் கோபமில்லை. ஆனால் போனில் பத்து நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் கணவர் டாக்டர். வெளிநாட்டில் படித்துவிட்டு இங்கே பயிற்சி முடிக்கிற டாக்டர்கள் பலருக்கு, இரண்டு வருஷம் சொந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று விசாவில் ஒரு நிபந்தனை உண்டு. டாக்டர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்று வருஷம் வேலை செய்தால் அதற்கு விலக்குக் கிடைக்கும். அமெரிக்காவின் மலைக் கிராமங்களில் இத்தனை இந்திய டாக்டர்களைப் பார்ப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அப்படித்தான் நாங்கள் மேற்கு வர்ஜீனியாவில் இருக்கும் புளூஃபீல்டுக்குப் போனோம். பக்கத்துக் கவுண்டிதான் மெக்டவல். கவுண்டி என்றால் நம்ம ஊர் மாவட்டம் மாதிரி. அவர் வாரத்தில் இரண்டு நாள் அங்கே போவார். நான் மாதம் இரண்டு சனிக்கிழமை அங்குள்ள ஒரு சர்ச்சில் மளிகைப் பொருள் பொட்டலம் கட்டித் தரப் போவேன்.

புளூஃபீல்டிலிருந்து 52ஆம் நெடுஞ்சாலையில் போனால் எல்கார்ன், நார்த்ஃபோர்க், கீஸ்டோன், கிம்பல் என்று வரிசையாக ஊர்கள் வந்து கடைசியில் கவுண்டியின் தலைநகரமான வெல்ச். பெயர்தான் நெடுஞ்சாலை. மலைக்கும் ஓடைக்கும் நடுவில் வளைந்து வளைந்து போகும் இரண்டு வழிப் பாதை. ஒரு பக்கம் ரயில் தண்டவாளம், மறுபக்கம் ஓடை, மிச்சமிருக்கும் துண்டு நிலத்தில் வீடுகள். பிரதானப் பள்ளத்தாக்கிலிருந்து பிரிந்து மலைக்குள் நுழையும் சின்னச் சின்னப் பள்ளங்களை அங்கே 'ஹாலர்' என்பார்கள். நீ எந்த ஊர் என்று கேட்க மாட்டார்கள், எந்த ஹாலர் என்றுதான் கேட்பார்கள்.

சரி, கிளம்பிப் போக வேண்டியதுதானே என்ற கேள்விக்கு வருகிறேன். போனார்கள் அக்கா. 1950 கணக்கெடுப்பில் மெக்டவலில் 98,887 பேர். 1970இல் 50,666. 2000இல் 27,329. 2020இல் 19,111. ஐந்தில் நான்கு பேர் குறைந்துவிட்டார்கள். போரோ பஞ்சமோ வந்து ஓடவில்லை. எழுபது வருஷமாகக் குடும்பம் குடும்பமாகப் பெட்டி கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். முதலில் ஒஹாயோவின் ரப்பர், இரும்புத் தொழிற்சாலைகளுக்கும் டெட்ராய்ட் கார் கம்பெனிகளுக்கும். பிறகு தெற்கே சார்லட் பக்கம்.

எதற்காகப் போனார்கள் என்பதில்தான் எனக்கு ஆறவில்லை. 1950களில் சுரங்கத்துக்குள் நிலக்கரியை வெட்டி வெட்டித் தானே அள்ளிப்போடும் இயந்திரங்கள் வந்தன. பல ஆட்கள் செய்த வேலையைச் சில பேர் செய்து முடித்தார்கள். கரி வெளியே போய்க்கொண்டேதான் இருந்தது, ஆட்கள்தான் தேவைப்படவில்லை. கேரி என்ற ஊரை யு.எஸ். ஸ்டீல் கம்பெனி கட்டி, தன் தலைவர் பெயரையே வைத்தது. வீடு, கடை, பள்ளிக்கூடம், தண்ணீர் எல்லாம் கம்பெனியுடையது. 1980களில் அங்கே சுரங்கங்களை மூடிவிட்டுக் கம்பெனி போய்விட்டது. 2020இல் கேரியில் 762 பேர்.

சுரங்கங்கள் ஓடிய காலத்தில் வேலை தேடி இங்கே வந்தவர்களில் இத்தாலியர், ஹங்கேரியர், தெற்கிலிருந்து வந்த கறுப்பின மக்கள் என்று எல்லாரும் இருந்தார்கள். கிம்பலில் ரோட்டோரமாகத் தூண்கள் வைத்த ஒரு கட்டடம் இருக்கிறது. முதல் உலகப் போருக்குப் போன கறுப்பின வீரர்களுக்காக 1928இல் கட்டிய நினைவகம். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் அப்படி ஒன்றைக் கட்டியது அபூர்வம். அந்தப் பக்கம் போகும் யாரும் வண்டியை நிறுத்தி அதைப் பார்க்காமல் போகாதீர்கள்.

மிச்சமிருப்பவர்கள் ஏன் இருக்கிறார்கள்? நம்ம ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று புரியும் என்று நினைக்கிறேன். பெரும்பாலோருக்கு அது சொந்த வீடு. மெக்டவலில் நான்கில் மூன்று குடும்பங்களுக்கு மேல் சொந்த வீட்டில்தான் இருக்கின்றன. ஆனால் அந்த வீடுகளை விலைப்படி வரிசையாக வைத்தால் நடுவில் வரும் வீட்டின் மதிப்பு 50,000 டாலரைத் தொடாது. நாடு முழுவதும் பார்த்தால் அது 3 லட்சத்தை ஒட்டி இருக்கிறது. வாங்க ஆளில்லாததால் பல வீடுகளுக்கு அந்த விலையும் ஏட்டில்தான். கம்பெனி கட்டிய மர வீட்டைத் தாத்தா வாங்கியிருப்பார், அப்பா ஒரு அறை சேர்த்திருப்பார், வீட்டுக் கடன் கிடையாது. இதை விட்டுவிட்டு சார்லட் போனால் மாத வாடகைக்கு எங்கே போவது? நூறு வயது வீடானாலும் ஒழுகாத கூரையும் கடனில்லாத சாவியும் கையில் இருக்கும்போது, அறுபத்தைந்து வயதில் ஒருவரை வாடகைக்காரராகப் போகச் சொல்வது நல்ல யோசனையா?

சரி, வெள்ளம் வராத இடத்தில் வீடு கட்டிக்கொள்ளலாமே என்பார்கள். நிலம் யாரிடம் இருக்கிறது? 2013இல் மேற்கு வர்ஜீனியாவின் நில உடைமையை ஆராய்ந்தபோது, மெக்டவலும் அக்கம்பக்கத்து நிலக்கரிக் கவுண்டிகளும் ஒரே மாதிரி இருந்தன. மிகப் பெரிய பத்து உரிமையாளர்களிடம் தனியார் நிலத்தில் பாதிக்கு மேல். 1981இல் வெளியான பெரிய அப்பலாச்சிய நில ஆய்வும் இதே கதையைத்தான் சொன்னது: உரிமையாளர்கள் வெளியூரில், வரியோ சொற்பம். மலை கம்பெனியுடையது, மலைக்கு அடியில் இருக்கும் கரியும் கம்பெனியுடையது. மக்களுக்குக் கிடைத்தது ஓடைக்கரை மட்டும். 2001 ஜூலையில் வெள்ளம், பத்து மாதத்தில் 2002 மே மாதம் மறுபடி வெள்ளம், 2025இல் இது. இந்த முறை மெக்டவலில் மூன்று உயிர்கள் போயின.

வெள்ளத்தில் வீடு போனவர்கள் அதே இடத்தில் டிரெய்லர் வாங்கி நிறுத்துவார்கள். இது நம் பக்கம் அவ்வளவாகத் தெரியாத விஷயம். தொழிற்சாலையில் செய்து லாரியில் இழுத்து வரும் வீடு. நிலமும் சேர்ந்து வராவிட்டால் சட்டப்படி அதன் பத்திரம் வண்டிப் பத்திரம் மாதிரிதான், விலையும் வண்டி மாதிரி வருஷத்துக்கு வருஷம் இறங்கும். இன்னும் சில வீடுகள் செத்துப்போன பாட்டி பெயரிலேயே இருக்கும், வாரிசுகள் நான்கு மாநிலங்களில் சிதறியிருப்பார்கள். பத்திரம் இல்லை என்று பேரிடர் உதவியை மறுப்பது ரொம்ப காலம் நடந்தது. 2021இல்தான் அந்த விதியைத் தளர்த்தினார்கள்.

ஆனால் என்னை மிகவும் படுத்தியது தண்ணீர்.

சர்ச்சில் பொட்டலம் வாங்க வரும் ஒரு பாட்டியோடு எனக்குப் பழக்கம். எழுபது வயதுக்கு மேல், இரண்டு பேரப் பிள்ளைகளை வளர்க்கிறார். ஒருநாள் அவரை வீட்டில் இறக்கிவிடப் போனேன். வழியில் ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னார். மலைப் பாறையிலிருந்து ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது, தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. எங்களுக்கு முன்னால் இரண்டு பிக்கப் வண்டிகள், பின்னால் பிளாஸ்டிக் கேன்கள். வரிசையில் நின்று ஆறு கேன் பிடித்தோம். குடிக்க, சமைக்க அந்த ஊற்றுத் தண்ணீர்தான். வீட்டில் கிணற்று மோட்டார் போட்டால் ஆரஞ்சு நிறத்தில் இரும்புத் தண்ணீர் வரும். குளியல் தொட்டி, பேசின், வாஷிங் மெஷின் எல்லாம் துருக்கறை. "இந்த வீட்டுல வெள்ளைத் துணின்னு ஒண்ணு கிடையாது கண்ணு" என்றார். பேரன் ஸ்கூலுக்குப் போட்டுக்கொண்டு போகும் சட்டை எல்லாமே அடர் நிறம்தான்.

ஊருக்குள் குழாய்த் தண்ணீர் இருக்கும் இடங்களிலும் நிம்மதியில்லை. கீஸ்டோனிலும் நார்த்ஃபோர்க்கிலும் 'கொதிக்க வைத்துக் குடியுங்கள்' என்ற எச்சரிக்கை ஆண்டுக்கணக்கில் நீடித்தது. காரணம் ஒன்றும் மர்மமில்லை. அந்தக் குழாய்களில் நிறையவற்றைச் சுரங்கக் கம்பெனிகள், தொழிலாளர்களுக்குக் கட்டிய முகாம் வீடுகளுக்காகப் போட்டன. போகும்போது வீட்டை ஆட்களிடம் விற்றார்கள், குழாயை ஊர் தலையில் விட்டார்கள். முன்னூறு வீடு இருந்த முகாமில் நாற்பது வீடு மிஞ்சினாலும் குழாயின் நீளம் குறையாது. அதே நீளம், அதே ஒழுகல், அதே பம்ப். பில் கட்டுபவர்கள்தான் நாற்பது பேர். காசில்லாததால் பழுது பார்க்க முடியாது, பழுது பார்க்காததால் தண்ணீர் கெடும், தண்ணீர் கெட்டதால் இன்னும் பத்து வீடு காலியாகும். கழிவுநீரும் இப்படித்தான். சாக்கடை இணைப்பும் இல்லை, தொட்டி தோண்டச் சமநிலமும் இல்லை. வீட்டிலிருந்து ஒரு குழாய் நேரே ஓடைக்குப் போகும். வெள்ளம் வரும்போது அந்த ஓடைதான் வீட்டுக்குள் வருகிறது.

அப்புறம் கணக்கெடுப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் 'முழுமையான குழாய் வசதி' இருக்கிறதா என்று கணக்கெடுப்புத் துறை கேட்கிறது. சூடாகவும் குளிர்ச்சியாகவும் தண்ணீர் வருகிறதா, குளிக்கத் தொட்டியோ ஷவரோ இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கழிப்பறை பற்றிய கேள்வியை 2016இல் எடுத்துவிட்டார்கள். தண்ணீர் குடிக்கிற மாதிரி இருக்கிறதா, கழிவு எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் பாட்டியின் வீடு அரசுக் கணக்கில் முழு வசதியுள்ள வீடு. மக்கள்தொகைக் கணக்கும் அப்படித்தான். கைதிகளை அவர்கள் இருக்கும் சிறையின் முகவரியில் எண்ணுவது வழக்கம். மெக்டவலில் 2010இல் திறந்த கூட்டாட்சிச் சிறை ஒன்றும் வெல்ச் ஊருக்குள் மாநிலச் சிறை ஒன்றும் இருக்கின்றன. ஆக, அந்த 19,111இல் ஆயிரம் பேருக்கு மேல் கம்பிக்குப் பின்னால் இருந்தவர்கள். வாழ வந்தவர்களாகவும் பிறந்து வளர்ந்தவர்களாகவும் அங்கே இருப்பவர்கள் இன்னும் குறைவு.

இந்தக் கவுண்டியை நாடு பார்த்ததே இல்லை என்று சொல்ல முடியாது. 1960 தேர்தல் பிரசாரத்தில் கென்னடி இங்கே வந்து பட்டினியைப் பார்த்தார். ஜனாதிபதியானதும் உணவுக் கூப்பன் திட்டத்தைச் சோதனையாக மறுபடி தொடங்கினார். 1961 மே 29 அன்று வெல்ச்சில்தான் முதல் கூப்பன்களை விற்றார்கள். பேய்ன்ஸ்வில்லைச் சேர்ந்த 15 பேர் கொண்ட குடும்பத்துக்கு 95 டாலர் மதிப்புள்ள கூப்பன்கள். அவர்கள் முதலில் வாங்கியது ஒரு டின் பன்றி இறைச்சி பீன்ஸ். இன்று கோடிக்கணக்கான அமெரிக்கர்கள் நம்பியிருக்கும் அந்தத் திட்டம் இந்தப் பள்ளத்தாக்கில் ஆரம்பித்தது. கிம்பலில் இருந்த வால்மார்ட்டை 2016 ஜனவரியில் மூடினார்கள். அதற்கப்புறம் அதே திட்டத்தின் உதவியை வைத்துக்கொண்டு நல்ல காய்கறி வாங்கப் பலர் மலை தாண்டி வண்டி ஓட்ட வேண்டியதாயிற்று. 2014 வாக்கில் பரவலாகப் பேசப்பட்ட ஒரு புள்ளிவிவரத்தை என் கணவர் அடிக்கடி சொல்வார்: மெக்டவலில் ஆண்களின் சராசரி ஆயுள் 64, வாஷிங்டனை ஒட்டிய ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் 82. காரில் ஐந்தாறு மணி நேர தூரத்தில் பதினெட்டு வருஷ வித்தியாசம்.

குழாய் போடச் சொன்னால் அதிகாரிகள் முதலில் பார்ப்பது ஒரு வீட்டுக்கு எவ்வளவு செலவாகும் என்பது. மலையைக் குடைந்து நாற்பது வீட்டுக்குக் குழாய் போடுவது நகரத்தைவிடப் பல மடங்கு செலவுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மலைக்குள் ரயில் பாதை போட்டபோது யாரும் தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்க்கவில்லை. அங்கிருந்து போன கரியில் உருக்கிய இரும்புதான் இந்த நாட்டின் பாலங்களிலும் கட்டடங்களிலும் இருக்கிறது. வெட்டியவர்களின் நுரையீரலும் அதோடு போயிற்று. அந்தக் கடன் தீராமல், மீதி இருப்பவர்கள் எண்ணிக்கையில் குறைவு என்பதைக் காரணமாகச் சொல்வது எனக்குச் சம்மதமில்லை. ஒரே ஒரு குடும்பம் அங்கே இருந்தாலும் அதற்கு நல்ல தண்ணீர் வர வேண்டும். போகிறவர்களுக்குப் போக உதவி செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. தண்ணீரை நிறுத்திவைத்து விரட்டுவது உதவியாகாது.

வேலையும் நடக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். கவுண்டியின் பொதுச் சேவை அமைப்பு பழைய கம்பெனிக் குழாய்களை ஒவ்வொரு ஊராக ஏற்றுப் புதிதாகப் போட்டுவருகிறது. கோல்வுட், எல்கார்ன் பக்கமெல்லாம் அப்படி நடந்தது. 2021 உள்கட்டமைப்புச் சட்டத்திலும் தண்ணீருக்கென்று பணம் ஒதுக்கினார்கள். மெதுவாகப் போகிறது, அவ்வளவுதான்.

வெள்ளத்துக்கு நான்கு நாள் கழித்துத்தான் பாட்டியின் போன் கிடைத்தது. அடித்தளத்தில் இடுப்பளவு சேறு, அடுப்பும் வாஷிங் மெஷினும் போயிற்று, பிள்ளைகள் நலம். ஊற்றுக்குப் போகும் ரோட்டில் மண் சரிந்து கிடப்பதாகச் சொன்னார். யாரோ லாரியில் பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து தருகிறார்களாம்.

இதையெல்லாம் போனிலேயே அக்காவிடம் கொஞ்சம் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம், "அந்தம்மா வீட்டுக்குக் குழாய் வந்துடுச்சாடி?" என்றாள்.

"இன்னும் இல்லக்கா. பக்கத்து ஹாலர் வரைக்கும் வந்திருக்கு."