அந்தச் சம்பளக் கணக்கில் நம் பிள்ளைகள் இல்லை

கடலூர், புதுச்சேரிப் பக்கம் ‘ஃபாதர் காலேஜ்’ என்று சொல்லிவிட்டால் பெற்றோர் அதற்குமேல் கேள்வி கேட்பதில்லை. கண்டிப்பும் கட்டுப்படியாகும் கட்டணமும் சேர்ந்தே இருந்த பள்ளிகளைப் பார்த்து வளர்ந்த நம்பிக்கை அது. அதே நம்பிக்கையில், அமெரிக்காவிலுள்ள ஒரு சிறிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்துக்கு மகனை அனுப்ப வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கத் தயாராகும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

மஞ்சக்குப்பத்தில் உறவினர் வீட்டில், எம்.எஸ். என்ற முதுநிலைப் படிப்புக்காக ஏஜென்சிக்காரர் கொடுத்த வழவழப்பான தாளைப் பார்த்தேன். பட்டதாரிகளின் இடைநிலைச் சம்பளம் (பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் கீழும் வாங்கும் நடுத்தொகை) என்று டாலரில் ஒரு தொகை, அதை ரூபாயாக்கித் தடித்த எழுத்தில் இன்னொரு தொகை, அதன் கீழே சலுகை போக நிகரச் செலவு. இரண்டும் அமெரிக்கக் கல்வித் துறை நடத்தும் ‘காலேஜ் ஸ்கோர்கார்டு’ தளத்தில் உள்ளவைதான். பொய்யென்று சொல்ல முடியாது.

ஆனால் அந்தத் தளத்தின் சம்பளக் கணக்கு, அந்நாட்டு மத்திய அரசின் கடனோ உதவித்தொகையோ பெற்ற மாணவர்களை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. மாணவர் விசாவில் செல்பவருக்கு அந்த உதவி கிடையாது என்பதால், நம் பிள்ளைகள் அதில் அறவே இல்லை. மேலும், பல்கலைக்கழகம் முழுமைக்குமான அந்தத் தொகை, இளநிலையில் சேர்ந்து பத்தாண்டு கழிந்தவர்களுடையது. இத்தகைய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் செவிலியர் படிப்புதான் பெரிய துறை. செவிலியர் வாங்கும் நல்ல சம்பளத்தைக் காட்டி, கணினிப் படிப்பில் சேரவிருக்கும் பையனுக்கு ஆசை மூட்டுகிறார்கள். அதே தளத்தில் துறைவாரியாகப் பார்க்கலாமென்றால், பட்டம் பெற்றவர் எண்ணிக்கை மிகக் குறைவாக உள்ள படிப்புகளுக்குத் தனியுரிமை கருதி அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். சிறிய நிறுவனத்தில் அப்படிக் காலியாவது சகஜம்.

நிகரச் செலவின் கதையும் இதுவே. அங்குள்ள தனியார் கல்லூரிகள் கட்டணத்தை உயர்த்தி அறிவித்துவிட்டு, முதலாண்டு இளநிலை மாணவர்களுக்குச் சராசரியாகப் பாதிக்கும் மேல் தள்ளுபடி தருகின்றன (நம் ஊர் ஆடித் தள்ளுபடி தோற்றுவிடும்). எம்.எஸ். மாணவருக்கு அந்தத் தாராளம் அபூர்வம். அவருக்குரிய உண்மையான தொகை, சேர்க்கைக்குப் பின் மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20 படிவத்தில் கல்விக் கட்டணம், தங்கும் செலவு என்று பிரித்துப் போடப்பட்டிருக்கும். அதுவும் பெரும்பாலும் ஓராண்டுக்கு மட்டுமே என்பதை உறவினர் கவனிக்கவில்லை, ஏஜென்சிக்காரரும் சொல்லவில்லை.

நிறுவனம் நிலைத்திருக்குமா என்பதும் இப்போது கேட்க வேண்டிய கேள்வி. கத்தோலிக்கப் பின்னணி கொண்ட காப்ரினி பல்கலைக்கழகமும் செயின்ட் ரோஸ் கல்லூரியும் 2024இல் மூடப்பட்டன. ஃபான்ட்போன் 2025இல் மூடப்பட்டது. மாணவர் குறைந்து பற்றாக்குறை ஏறியதே காரணம். துறவற சபை தொடங்கியது என்பதால் கடன் கொடுத்தவர்கள் காத்திருக்கவில்லை.

ஆகவே, பணம் கட்டுமுன் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள்: இதே படிப்பை முடித்த இந்திய மாணவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் படிப்புக்கேற்ற வேலையில் இருக்கிறார்கள், படிப்பு ‘ஸ்டெம்’ (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ளதா? பட்டியலில் இருந்தால்தான் படிப்புக்குப் பின் வேலை செய்யக் கிடைக்கும் 12 மாதத்துடன் இன்னொரு 24 மாதம் சேரும். பதில் மழுப்பலாக வந்தால் அதையே பதிலாகக் கொள்ளலாம். கல்விக் கடனில் தவணை கட்டப் படிப்புக் காலமும் அதன்பின் சில மாதங்கள் முதல் ஓராண்டு வரையும் வங்கியைப் பொறுத்து அவகாசம் உண்டு. வட்டி மட்டும் முதல் நாளிலிருந்தே ஏறும்.